ராணியின் பிறந்த நாள்

ஒரு சின்னக் கற்பனை செய்து பாருங்கள்.

பழைய சாமான் கடையில் நீங்கள் ஒரு போட்டோ ஆல்பம் வாங்குகிறீர்கள். யார் வீட்டு ஆல்பமோ, தெரியாது. படங்களுக்குக் கீழே ஏதோ எழுதியிருக்கிறது. அது எந்த ஊர் எழுத்தோ, ஓர் அட்சரம் புரியவில்லை. நல்ல வேளையாகத் தேதிகள் மட்டும் புரிகின்றன.

முதல் பக்கத்தில் ஒரு வாலிபர் நாற்காலியில் மிடுக்காக உட்கார்ந்திருக்கிறார். கீழே இரண்டு தேதிகள். முந்திய தேதிக்கும் பிந்திய தேதிக்கும் இருபத்திரண்டு வருஷ இடைவெளி. பக்கத்தைப் புரட்டுகிறீர்கள். அதே மனிதர், கொஞ்சம் வயது கூடியிருக்கிறது. அதே முந்திய தேதி மறுபடியும் வருகிறது. இன்னும் சில பக்கங்கள் தள்ளிப் போனால் அந்தத் தேதி அடியோடு மறைந்து விடுகிறது. வேறொருவர் படம், வேறொரு ஜோடித் தேதிகள்.

உங்களுக்கு என்ன தோன்றும்? "இது இவர் பிறந்த நாள், அது உத்தியோகத்தில் உட்கார்ந்த நாள். இதோ, அடுத்த பக்கத்தில் இருப்பவர் இவருக்குப் பின் வந்தவர்" என்று அடுப்பங்கரை வேலைக்கு நடுவிலேயே சொல்லி விடுவீர்கள். ஓர் எழுத்துக்கூடப் படிக்காமல் அந்தக் குடும்பத்தின் பாதிக் கதை கைக்கு வந்து விடும்.

இதே மாதிரியான ஒரு விஷயம், கற்றறிந்த பெரிய மனிதர்களின் கண்ணெதிரிலேயே அறுபது வருஷத்துக்கு மேல் கிடந்தும் யாருக்கும் புலப்படவில்லை. கடைசியில் அதைக் கண்டுபிடித்தவர் ஒரு பெண்மணி. அவர் பெயர் தாத்தியானா புரோஸ்கூரியாக்கோவ். பெயர் வாயில் நுழையவில்லையா? அவருடைய சிநேகிதர்களுக்கும் அந்தக் கஷ்டம் இருந்திருக்க வேண்டும். அவர்கள் 'தான்யா' என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள்.

காட்டுக்குள் கிடந்த நகரங்கள்

வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் இணைக்கும் ஒடுங்கிய நிலப் பகுதியைப் பூகோளப் படத்தில் பார்த்திருப்பீர்கள். மெக்ஸிகோவின் தென்கிழக்கு மூலை, குவாதமாலா, பெலீஸ், ஹோண்டுராஸின் மேற்குப் பக்கம் - இவை எல்லாம் மாயா ஜனங்களின் பூமி. கி.பி. 250 முதல் 900 வரை அங்கே திக்கால், பாலெங்கே, கோப்பான், யாஷ்சிலான் என்று பெரிய பெரிய நகரங்கள் செழித்திருந்தன. வானை முட்டும் பிரமிடுக் கோயில்கள், அரண்மனைகள், அகன்ற முற்றங்கள். பாரம் இழுக்க அவர்களிடம் மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டிச் சக்கரமும் இல்லை. கல்லைக் கல்லால் செதுக்கியே அத்தனையும் செய்தார்கள்.

ஒன்பதாம் நூற்றாண்டில் தென்பகுதி நகரங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகி, காடு வந்து மூடிக் கொண்டது. ஆனால் மாயா ஜனங்கள் அழிந்து போய் விட்டதாக நினைத்து விடாதீர்கள். இன்றும் லட்சக்கணக்கான பேர் அதே பிரதேசத்தில், தங்கள் பழைய மொழிகளைப் பேசிக் கொண்டு வாழ்கிறார்கள்.

நகரத்து முற்றங்களில் அந்தக் காலத்து மனிதர்கள் உயரமான பலகைக் கற்களை நிறுத்தி வைத்தார்கள். 'நெடுங்கல்' என்று நாம் வைத்துக் கொள்ளலாம். அதில் ஓர் உருவம் செதுக்கியிருக்கும். தலையிலே பறவை இறகுகள் பூத்த பெரிய கிரீடம், மார்பிலே பச்சைக் கல் மாலைகள். உருவத்தைச் சுற்றிலும் கட்டம் கட்டமாகச் சித்திர எழுத்துக்கள்.

அந்த எழுத்தை வாசிக்க ஒருவர்கூட மிஞ்சவில்லை. மரப்பட்டைக் காகிதத்தில் எழுதி மடித்து வைத்த புத்தகங்கள் மாயா ஜனங்களிடம் நிறைய இருந்தன. ஸ்பானியர் வந்த பிறகு, 1562-ஆம் வருஷம் யுகதானில் உள்ள மானி என்ற ஊரில், தியேகோ தெ லாந்தா என்ற பாதிரியார் அவற்றைக் குவித்துத் தீ வைத்தார். இன்று உலகம் முழுவதும் தேடினாலும் நாலே நாலு மாயா புத்தகங்கள்தாம் மிச்சம்.

அவற்றில் ஒன்று ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த நூலகத்தின் அதிகாரியாக இருந்த எர்ன்ஸ்ட் ஃபோர்ஸ்டமான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அதிலுள்ள எண்களை அவிழ்த்து விட்டார். ஒரு புள்ளி என்றால் ஒன்று. ஒரு கோடு என்றால் ஐந்து. சிப்பி போன்ற ஓர் அடையாளம் போட்டால் சைபர். பத்துப் பத்தாக அல்ல, இருபது இருபதாக எண்ணுகிற கணக்கு. கி.மு. 3114-ஆம் வருஷத்தில் ஒரு நாளைத் தொடக்கமாக வைத்து, அதிலிருந்து ஒவ்வொரு நாளாக எண்ணிக் கொண்டு வந்திருந்தார்கள்.

ஆக, தேதி புரிந்து விட்டது. நம் ஆல்பம் மாதிரியேதான்! ஆனால் மற்ற எழுத்துக்கள்?

பஞ்சாங்கம்தானா?

மாயா ஆராய்ச்சியில் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இரண்டு பெரிய தலைகள் இருந்தார்கள். ஒருவர் சில்வேனஸ் மார்லி. மற்றவர் எரிக் தாம்ஸன். இருவரும் காட்டிலே கஷ்டப்பட்டு அலைந்தவர்கள், மகா கெட்டிக்காரர்கள். பார்க்கிற கல்லில் எல்லாம் தேதிகளாகவே இருப்பதைக் கண்டு அவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். 'இந்த ஜனங்கள் காலத்தையே தெய்வமாகக் கும்பிட்டவர்கள். கல்லிலே இருப்பது வெறும் பஞ்சாங்கம். கிரகங்கள், நட்சத்திரங்கள், தெய்வங்கள் - இவ்வளவுதான். ராஜாக்கள் பெயரையும் சண்டைகளையும் பற்றி அவர்கள் எழுதவே இல்லை' என்றார்கள்.

சரி, கல்லிலே செதுக்கியிருக்கிற மனிதர்கள் யார்? அவர்கள் தெய்வங்கள், இல்லாவிட்டால் பெயரில்லாத பூசாரிகள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை சித்திர வேலை செய்த நீண்ட அங்கி அணிந்து சிலர் நிற்கிறார்களே, அவர்கள்? அவர்களும் ஆண் பூசாரிகள்தாம் என்று பல ஆராய்ச்சியாளர்கள் எழுதி வந்தார்கள். மேலே சொல்ல ஒன்றும் இல்லை என்று விஷயம் முடிந்து போயிற்று.

தையல் சித்திரம் வரைந்த பெண்

தாத்தியானா பிறந்தது 1909-ஆம் வருஷம், ருஷ்யாவில் சைபீரியாவைச் சேர்ந்த தோம்ஸ்க் நகரத்தில். தந்தை ரசாயன நிபுணர். தாயார் டாக்டர், பெண்கள் டாக்டருக்குப் படிப்பது அபூர்வமாக இருந்த நாளிலேயே படித்தவர். முதல் உலக யுத்தத்தின் நடுவே, ருஷ்ய ராணுவத்துக்காக அமெரிக்காவில் தயாரான யுத்த தளவாடங்களை மேற்பார்வை செய்யத் தந்தையை அனுப்பினார்கள். குடும்பமும் உடன் போயிற்று. 1917-இல் ருஷ்யாவில் புரட்சி வெடித்தது. திரும்பிப் போவதற்கு அவர்களுக்கு ஒரு நாடு இல்லை என்று ஆகி விட்டது. பிலடெல்பியா நகரத்துப் பக்கத்திலேயே தங்கி விட்டார்கள்.

பெண்ணுக்குச் சித்திரம் வரைவதில் நல்ல கை. கட்டடக் கலை படித்து, 1930-இல் பென்சில்வேனியா மாநிலக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். பட்டம் வாங்கிய வேளையைப் பாருங்கள்! அமெரிக்காவில் பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலம். வீடு கட்டுவார் யாரும் இல்லை. கட்டடம் வரைகிறவர்களுக்கு வேலையும் இல்லை. ஒரு பெரிய கடையில் குமாஸ்தாவாக வேலை பார்த்தார். பிறகு பூவேலைத் தையலுக்கு மாதிரிச் சித்திரங்கள் வரைந்து கொடுக்கும் வேலை கிடைத்தது. துணியிலே பெண்கள் ஊசியால் நிரப்பிக் கொள்ள, கட்டம் போட்டு வரைந்து தர வேண்டும். கட்டடக் கலைப் பட்டதாரிக்கு அந்த நாளில் கிடைத்தது அதுதான்.

அந்தத் தொடர்பில் பென்சில்வேனியா சர்வகலாசாலை அருங்காட்சியகத்துக்கும் போய் வந்தார். அங்கே சின்னச் சின்னப் படங்கள் வரைந்து கொடுக்கத் தொடங்கினார். லிண்டன் சாட்டர்த்வெயிட் என்ற ஆராய்ச்சியாளர் அவர் வரைந்த படங்களைப் பார்த்தார். குவாதமாலாக் காட்டிலே பியேத்ராஸ் நெக்ராஸ் என்ற மாயா நகரத்தைத் தோண்டிக் கொண்டிருந்தவர் அவர். "எங்களோடு வருகிறாயா? பிரயாணச் செலவைக் கொடுக்கிறோம். சம்பளம் கிடையாது" என்ற மாதிரியான ஏற்பாடு. 1936-இல் தாத்தியானா புறப்பட்டு விட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு.

ஆற்றங்கரை நகரம்

மெக்ஸிகோவுக்கும் குவாதமாலாவுக்கும் எல்லையாக ஓடுகிறது உசுமசிந்தா ஆறு. அதன் கரையில், மோட்டார் வண்டி எட்டிப் பார்க்காத காட்டுக்குள் இருக்கிறது பியேத்ராஸ் நெக்ராஸ். அந்த ஸ்பானியப் பெயருக்குக் 'கறுப்புக் கற்கள்' என்று பொருள். கொசுக்கடியும் மழையும் அங்கே தாராளம். சரிந்த கற்குவியல்கள், அவற்றின் மேல் வேரோடிய மரங்கள் - இவைதாம் முன்னொரு காலத்தில் நகரமாக இருந்தவை.

தாத்தியானா கற்களை அளந்தார், படிகளை எண்ணினார், சுவர் எந்த இடத்தில் நின்றது, கூரை எப்படிச் சாய்ந்தது என்று கணக்குப் போட்டார். பிறகு உட்கார்ந்து, அந்த மேட்டில் ஏறி நின்ற அரண்மனை வரிசை தன் நல்ல காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்பதை ஒரு படமாக வரைந்தார். குப்பை மேடாகக் கிடந்தது வெள்ளைக் கட்டடங்களாகவும் அகன்ற படிக்கட்டுகளாகவும் எழுந்து நின்றது.

அந்தப் படம் மார்லியின் கண்ணில் பட்டது. அவருக்குத் தாங்க முடியாத உற்சாகம். கார்னெகி நிறுவனத்தின் சார்பில் 1939-இல் தாத்தியானாவை ஹோண்டுராஸில் உள்ள கோப்பானுக்கு அனுப்பி வைத்தார். பிறகு யுகதானிலும் வேலை. இப்படி ஊர் ஊராக வரைந்த படங்கள் சேர்ந்து 1946-இல் 'மாயா கட்டடக் கலை ஆல்பம்' என்ற புத்தகமாக வெளிவந்தன. அந்தப் புத்தகத்தில் ஒரு நேர்மை உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் எதிர்ப் பக்கத்தில், நிஜமாகவே என்னென்ன கற்கள் மிஞ்சியிருக்கின்றன என்பதையும் கோட்டுப் படமாகப் போட்டு விட்டார். 'எனக்குக் கிடைத்தது இவ்வளவு. மற்றது என் அனுமானம்' என்று வாசகரிடம் மறைக்காமல் சொன்ன மாதிரி.

அடுத்தது சிற்பங்கள். நூற்றுக்கணக்கான நெடுங்கற்களை எடுத்துக் கொண்டார். காதணி எப்படி, செருப்பு எப்படி, இறகு எந்தப் பக்கம் வளைகிறது, கை எந்த நிலையில் இருக்கிறது என்று ஒவ்வோர் அம்சத்தையும் பிரித்துப் பட்டியல் போட்டார். பழைய கல்யாணப் போட்டோவில் ரவிக்கையின் கையையும் கொண்டையையும் பார்த்தே, "இது எங்கள் அத்தை காலத்துப் படம்" என்று சொல்கிறோம் அல்லவா? அதையே சாஸ்திரமாக்கி விட்டார். தேதி அழிந்து போன கல்லுக்கும் அவருடைய முறைப்படி ஏறக்குறையக் காலம் சொல்ல முடிந்தது. 1950-இல் அந்த ஆராய்ச்சியும் புத்தகமாயிற்று.

இதையெல்லாம் செய்தபோது தாத்தியானாவும், கல்லில் இருப்பது பஞ்சாங்கம் என்று எல்லாரும் சொன்ன சூழலிலேயே வேலை செய்தவர்தான். 1958-இல் கார்னெகி நிறுவனத்தின் மாயா ஆராய்ச்சிப் பிரிவையே மூடி விட்டார்கள். ஹார்வர்டு சர்வகலாசாலையின் பீபாடி அருங்காட்சியகத்தில் அவர் தம் வேலையைத் தொடர்ந்தார். அங்கே உட்கார்ந்துதான், தாம் முதன் முதலில் பார்த்த ஊரின் கற்களை மறுபடியும் எடுத்து மேஜை மீது பரப்பினார் - படங்களாக.

பல்வலிக்காரரும் மல்லாந்த தவளையும்

பியேத்ராஸ் நெக்ராஸ் ஊர்க்காரர்கள் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார்கள். கி.பி. 608 முதல் ஏறக்குறைய இருநூறு வருஷம், 1,800 நாட்களுக்கு ஒரு தரம், அதாவது கிட்டத்தட்ட ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை, ஒரு நெடுங்கல் நட்டு வந்தார்கள். கற்களை ஏழு தொகுதிகளாகப் பிரித்து நட்டிருந்தார்கள். ஒவ்வொரு தொகுதியும் ஒரு குறிப்பிட்ட கோயிலின் முன்னால் இருந்தது.

ஒவ்வொரு தொகுதியிலும் முதல் கல் ஒரே மாதிரி. மேலே ஒரு மாடம். மாடத்துக்குள் ஓர் உருவம் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. கீழிருந்து மாடத்துக்கு ஓர் ஏணி. ஏணியின் மேல் விரித்த துணியிலே ஏறிப் போன பாதச் சுவடுகள். மாடத்தில் இருப்பது ஒரு தெய்வம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள்.

இப்படிப்பட்ட கல்லில் எல்லாம் ஒரு தேதியும், தேதியோடு ஒரு சித்திர எழுத்தும் தவறாமல் வந்தன. அந்த எழுத்து, ஒரு பறவைத் தலையைச் சுற்றித் துணியால் கட்டி உச்சியில் முடிச்சுப் போட்டது போல இருக்கும். பல்வலிக்காரர் தாடையைச் சேர்த்துக் கட்டிக் கொள்வார்களே, அப்படி! ஆகையால் ஆராய்ச்சிக்காரர்கள் அதற்குப் 'பல்வலி எழுத்து' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அந்தத் தேதிக்குச் சில வருஷங்களுக்கு முந்திய இன்னொரு தேதியும் அதே தொகுதியில் வந்தது. அதோடு வருகிற எழுத்து, மூஞ்சியை ஆகாயத்தைப் பார்க்க வைத்துக் கொண்ட ஒரு தவளை. அதற்குப் பெயர் 'மல்லாந்த தவளை'.

தாத்தியானா தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தார். தவளைத் தேதிக்கும் பல்வலித் தேதிக்கும் உள்ள இடைவெளி பன்னிரண்டு வருஷத்துக்குக் குறையவில்லை. முப்பத்தொன்றுக்கு மேல் போகவில்லை. அந்தத் தொகுதியில் பின்னால் நட்ட கற்களிலும் அதே இரண்டு தேதிகளைத் திரும்பச் சொல்லியிருந்தது. அவற்றின் ஆண்டு விழாக்களைக்கூடக் குறித்திருந்தது. அடுத்த தொகுதி தொடங்கினால் பழைய தேதிகள் போயே போய் விட்டன. எந்தத் தொகுதியை எடுத்தாலும் அதன் மொத்த நீளம் ஒரு மனிதன் ஆயுளுக்குள் அடங்கியிருந்தது.

ஒரு மனிதன் ஆயுள்!

தெய்வங்களுக்கு ஆயுள் கணக்கு ஏது? நட்சத்திரங்கள் எழுபது வயதுக்குள் முடிந்து போகுமா? மல்லாந்த தவளை என்பது பிறந்த நாள். பல்வலி எழுத்து, சிம்மாசனம் ஏறிய நாள். மாடத்தில் உட்கார்ந்திருப்பது அன்றைக்குப் பட்டம் கட்டிக் கொண்ட ராஜா. ஒவ்வொரு தொகுதிக் கற்களும் ஓர் அரசன் கதை. ஏழு தொகுதிகள், ஏழு ஆட்சிகள். கல்லிலே இருந்தது ஓர் அரச வம்சத்தின் சரித்திரம்.

அங்கி அணிந்தவர்கள்

அரசர்களோடு விஷயம் நிற்கவில்லை. சகோதரிகளே, இனிமேல் வருவதுதான் நமக்கு முக்கியம்.

அதே ஊரில் ஒன்றாம் நெடுங்கல், மூன்றாம் நெடுங்கல் என்று இரண்டு கற்கள். இரண்டிலும் நீண்ட அங்கி அணிந்த ஒருவர். இரண்டிலும் ஒரே பிறந்த தேதி. அது அந்தக் காலத்து அரசனுடைய பிறந்த தேதி அல்ல. பெயருக்கு முன்னால் ஒரு சிறிய முகம் செதுக்கியிருந்தது. பக்கவாட்டில் தெரிகிற பெண் முகம், கன்னத்தருகே ஒரு கூந்தல் கற்றை. அங்கி அணிந்த உருவங்களோடெல்லாம் இந்த முகம் வருவதைத் தாத்தியானா கண்டு கொண்டார். அங்கிக்காரர்கள் ஆண் பூசாரிகள் அல்ல. அவர்கள் பெண்கள்.

மூன்றாம் நெடுங்கல்லில் ஓர் ஆசனத்தின் மேல் அந்தப் பெண்மணி உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் அவள் மடியை ஒட்டி ஒரு சின்ன உருவம். கல்லின் மறுபக்கத்தில் பெரியவளின் பிறந்த தேதி இருக்கிறது. அதற்கு முப்பத்து மூன்று வருஷத்துக்குப் பிறகு இன்னொரு பிறந்த தேதி. அதற்கும் முன்னால் பெண் முகம். கல்லை நட்ட வருஷத்தைப் பார்த்தால், சின்ன உருவத்துக்கு மூன்று வயது.

தாயும் மகளும்! ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு மேல் அந்தக் கல்லில் அம்மாவை ஒட்டிக் கொண்டு உட்கார்ந்திருந்த குழந்தையை, குழந்தை என்று முதன்முதலில் கணக்கோடு எடுத்துக் காட்டியவர் தாத்தியானாதான்.

இன்று அந்த ராணியைப் பற்றி நமக்கு இன்னும் தெரியும். அவள் பிறந்தது கி.பி. 674. நமான் என்ற வேறோர் ஊரைச் சேர்ந்தவள். பன்னிரண்டாம் வயதில், 686-ஆம் வருஷக் கடைசியில், பியேத்ராஸ் நெக்ராஸ் ராஜகுமாரனுக்கு வாழ்க்கைப்பட்டாள். சில வாரங்களில், 687 தொடக்கத்தில், கணவன் சிம்மாசனம் ஏறினான். 708-இல் மகள் பிறந்தாள். கல் நட்டது 711-இல். பிறந்த ஊரை விட்டுப் பன்னிரண்டு வயதில் புகுந்த வீடு வந்த பெண்ணின் பிறந்த நாள், கல்யாண நாள், அவள் மகளுடைய பிறந்த நாள் மூன்றையும் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். அதைத்தான் 'ஆண் பூசாரிகள்' என்ற பேச்சில் அடக்கி வைத்திருந்தோம்!

இந்த விஷயத்துக்காகவே தாத்தியானா 1961-இல் மாயா சிற்பங்களில் பெண்களைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று எழுதினார். அந்த நீண்ட அங்கியின் வம்சத்தை இன்றும் பார்க்கலாம். இடுப்பில் கட்டிய தறியில் குவாதமாலாவின் மாயாப் பெண்கள் கைப்பட நெய்து, பூவேலை செய்து, 'வீபில்' என்று சொல்லி உடுத்திக் கொள்கிறார்கள்.

மறுநாள் காலை

பெரியவர் தாம்ஸன் என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். அவருடைய ஆயுட்கால நம்பிக்கையை அல்லவா இது அசைத்தது? விஷயத்தைக் கேட்டவுடன் அவர் ஒப்பவில்லை. கட்டுரையை வாங்கிக் கொண்டு வீட்டுக்குப் போனார். படித்தார். மறுநாள் வந்து, தாத்தியானா சொல்வதே சரி என்று ஒப்புக் கொண்டார். இந்தப் பெருந்தன்மைக்காக அவரையும் பாராட்டத்தான் வேண்டும்.

1960-இல் அந்தக் கட்டுரை ஆராய்ச்சிப் பத்திரிகை ஒன்றில் வெளியாயிற்று. ஆரவாரம் இல்லாத எழுத்து. முழுக்க முழுக்கத் தேதிக் கணக்கு. ஆனால் அதைப் படித்த பிறகு மாயா கற்களைப் பழைய கண்ணோடு பார்க்க யாராலும் முடியவில்லை. அதே உசுமசிந்தா ஆற்றங்கரையில் உள்ள யாஷ்சிலான் நகரத்தின் அரசர்களையும் அடுத்த நாலு வருஷத்துக்குள் அவரே எடுத்துக் காட்டினார். அந்த ஊர்க் கல் ஒன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரசன் தீவட்டி பிடித்து நிற்கிறான். ராணி மண்டியிட்டு, முள் கோத்த கயிற்றைத் தன் நாக்கின் வழியே இழுக்கிறாள். 709-ஆம் வருஷத்து வேண்டுதல் அது. பார்க்க உடல் சிலிர்க்கும். அந்த ராணியும் இன்று பெயரோடு இருக்கிறாள்: கபால் ஷோக்.

தாத்தியானா ஒரு மாயாச் சொல்லையும் உச்சரித்துக் காட்டவில்லை. அர்த்தத்தைக் கண்டாரே ஒழிய, ஓசையைக் காணவில்லை. ஓசைக்கு வழி காட்டியவர் சோவியத் நாட்டு அறிஞர் யூரி க்னோரோசாவ். அவர் 1952-இலேயே அந்த எழுத்துக்களில் பல, அசைகளைக் குறிப்பவை என்று சொல்லியிருந்தார். இரண்டு பேருடைய வழியும் பிற்பாடு ஒன்று சேர்ந்தது. இன்று மாயா கல்வெட்டுக்களில் பெரும் பகுதியைப் படித்து விடுகிறார்கள். அந்த மல்லாந்த தவளையை இப்போது 'சியாஹ்' என்று வாசிக்கிறார்கள். அதன் பொருள் என்ன தெரியுமா? 'பிறந்தது' என்பதுதான்!

திரும்பிப் போன இடம்

தாத்தியானா கல்யாணம் செய்து கொள்ளவில்லை. கடைசி வரை ஆராய்ச்சியே வாழ்க்கையாக இருந்தார். சிச்சென் இட்சா ஊரின் புனிதக் கிணற்றிலிருந்து நொறுங்கிய துண்டுகளாகக் கிடைத்த பச்சைக் கல் ஆபரணங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, 1974-இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். 1984-இல் குவாதமாலா அரசாங்கம் தன் உயர்ந்த விருதான கெட்சால் விருதை அளித்தது. அடுத்த வருஷம், 1985 ஆகஸ்டில், அவர் காலமானார்.

அவருடைய அஸ்தி பியேத்ராஸ் நெக்ராஸுக்குப் போக வேண்டியிருந்தது. ஆனால் குவாதமாலாவில் உள்நாட்டுப் போர் நடந்து கொண்டிருந்த சமயம். அந்தக் காட்டில் கொரில்லாப் படையினர் இருந்தார்கள். போர் 1996-இல்தான் முடிந்தது. 1998-ஆம் வருஷம் ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை அன்று, டேவிட் ஸ்டூவர்ட் முதலிய இளைய ஆராய்ச்சியாளர்கள் அந்த அஸ்தியைச் சுமந்து கொண்டு போய், அவர் அளந்து வரைந்த அதே அரண்மனை மேட்டில், ஒரு கட்டடத்தின் தரைக்குள் வைத்து மூடினார்கள். சம்பளம் இல்லாமல் ஏறிய மேட்டிலேயே அவர் தங்கி விட்டார். மேலே நின்றால் உசுமசிந்தா ஆறு தெரியும்.

அந்த ஊரின் பதினாலாம் நெடுங்கல் இன்று பிலடெல்பியாவில், தாத்தியானா படம் வரைந்து பழகிய அதே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாடத்தில் இளம் அரசன் உட்கார்ந்திருக்கிறான். ஏணியின் அடியில், நீண்ட அங்கியோடு ஒரு பெண்மணி அவனை அண்ணாந்து பார்த்துக் கொண்டு நிற்கிறாள். அவனுடைய தாயாக இருக்க வேண்டும் என்பது அறிஞர்கள் கருத்து. பிள்ளைக்குப் பட்டம் கட்டும் நாளில் வேறு யார் அப்படி நிற்கப் போகிறார்கள்?

இதைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் பழைய ஆல்பத்தை எடுங்கள். பாட்டி மடியில் உட்கார்ந்திருக்கிற அந்தக் குழந்தை யார் என்று இன்றைக்கு உங்களுக்குத் தெரியும். படத்தைத் திருப்பி, பென்ஸிலால் பெயரையும் வருஷத்தையும் எழுதி வைத்து விடுங்கள்.